சோடியம் எலக்ட்ரானைத் தானம் செய்வதில்லை

ஒன்பதாம் வகுப்பில் வேதிப்பிணைப்புப் பாடம் தொடங்கும் அன்று கரும்பலகையில் இரண்டு அணுப் படங்கள் ஏறும். இடப்பக்கம் சோடியம்: 2, 8, 1. வலப்பக்கம் குளோரின்: 2, 8, 7. சோடியத்தின் கடைசி எலக்ட்ரானிலிருந்து குளோரினை நோக்கி வளைந்த ஓர் அம்புக்குறி. "இதற்கு ஒன்று அதிகம், அதற்கு ஒன்று குறைவு. இது கொடுக்கும், அது வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் எட்டு வந்துவிடும், இரண்டும் நிலைப்புத்தன்மை அடையும்." வகுப்பு தலையாட்டுகிறது. எண்ம விதி என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இடுகிறார்கள். அந்த அடிக்கோடு பட்டப்படிப்பு வரை அழிவதில்லை.

அணுக்கள் எட்டு எலக்ட்ரானை அடைவதற்காகவே வினைபுரிகின்றன என்ற இந்த விளக்கம் தவறு. சின்னப் பிள்ளைகளுக்காகச் சற்றே சுருக்கிச் சொன்ன உண்மை என்று இதற்குச் சலுகை தருகிறார்கள். அந்தச் சலுகைக்கும் இது தகுதியற்றது. சோடியம் அணு தன் கடைசி எலக்ட்ரானை விட்டுவிடத் துடிக்கிறது என்பது, அளந்து பார்த்த உண்மைக்கு நேர் எதிரானது.

அளவையே பார்ப்போம். வாயு நிலையில் தனித்திருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். இதுவே சோடியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல். பதினொன்றாம் வகுப்பு மாணவர் எவரும் இந்த எண்ணைப் பார்த்திருப்பார். பார்த்தும், அது என்ன சொல்கிறது என்று யோசித்திருக்க மாட்டார். ஓர் அணு தன் எலக்ட்ரானைக் கொடுத்து நிலைப்புத்தன்மை அடைவது உண்மையானால், கொடுக்கும்போது ஆற்றல் வெளிவர வேண்டும். வெளிவரவில்லை. நாம்தான் கொட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எட்டு எலக்ட்ரான் கொண்ட சோடியம் அயனியும் அதிலிருந்து பிரிந்த எலக்ட்ரானும் தனித்தனியே நின்றால், பழைய சோடியம் அணுவைவிட அவை ஆற்றலில் மிக உயரத்தில் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் அந்த அயனி எலக்ட்ரானைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இழுத்துக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்புப் போட்ட நீர் கொதித்துப் பொங்கி கேஸ் அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் பளிச்சென்று மஞ்சளாகிறது. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு செய்கிறவர்கள் சுடர் சோதனையில் காண்பதும் இதே மஞ்சள்தான். உப்பில் இருந்தது சோடியம் அயனி, அதாவது எட்டு எலக்ட்ரானோடு 'நிறைவடைந்துவிட்டது' என்று நாம் பாடம் நடத்திய அயனி. சுடரின் வெப்பத்தில் உப்பு ஆவியாகிப் பிரியும்போது சோடியம் மீண்டும் அந்த ஒற்றை வெளி எலக்ட்ரானுடன் மின்சுமையற்ற அணுவாகிறது. அந்த எலக்ட்ரான் வெப்பத்தால் சற்று மேலே ஏறி, திரும்பத் தன் இடத்துக்கு இறங்கும்போது 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் ஒளியாகத் தெரிகிறது. சாலையோரச் சோடியம் விளக்குகளின் மஞ்சளுக்கும் அடிப்படை இதுவே. எட்டை அடைந்த சோடியம் எட்டைக் கைவிட்டு 2, 8, 1 என்ற அமைப்புக்குத் திரும்பிவிட்டதை அந்த ஒளி ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. அடுப்படியில் இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம்தான், எட்டு வந்தால் அணு நிம்மதியாக இருக்கும் என்கிறோம்.

"குளோரின் வாங்கிக்கொள்கிறதே, அதில் ஆற்றல் வருகிறதே" என்று கேட்கலாம். வருகிறது. ஒரு மோல் குளோரின் அணுக்கள் எலக்ட்ரானை ஏற்கும்போது 349 கிலோஜூல் வெளிவரும். 496 செலவு, 349 வரவு. இன்னும் 147 கிலோஜூல் துண்டு விழுகிறது. அதாவது சோடியம் அணுவும் குளோரின் அணுவும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நின்றால் எலக்ட்ரான் கைமாறாது. இரண்டும் எட்டை அடையலாம் என்ற வாய்ப்பு அப்போதும் இருக்கிறது. ஆனாலும் கைமாறாது. கரும்பலகையில் போட்ட அந்த வளைந்த அம்புக்குறி, அதன் அருகில் எழுதிய காரணத்தினால் நடப்பதேயில்லை.

அப்படியானால் உப்பு எப்படி உருவாகிறது? விடை எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பில் இருக்கிறது. நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனியும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனியும் நெருங்க நெருங்க ஆற்றல் வெளியாகும். இரண்டு அணுக்களும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் இடைவெளிக்குள் வந்துவிட்டால், துண்டு விழுந்த 147 கிலோஜூலை அந்த ஈர்ப்பு அடைத்துவிடும். படிகத்தில் நடப்பது இதைவிடப் பெரியது. அங்கே ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்து நிற்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சூழ்ந்து நிற்கின்றன. வாயு அயனிகள் இப்படி அடுக்கிப் படிகமாகும்போது ஒரு மோலுக்கு 787 கிலோஜூல் வெளிவருகிறது. இதைப் படிகக்கூடு ஆற்றல் என்கிறோம்.

முழுக் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். திட சோடியத்தை வாயு அணுக்களாக்க 107. குளோரின் மூலக்கூறை உடைத்து ஒரு மோல் குளோரின் அணு பெற 122. சோடியத்தின் எலக்ட்ரானைப் பிடுங்க 496. மொத்தச் செலவு 725 கிலோஜூல். குளோரின் எலக்ட்ரானை ஏற்பதில் 349, படிகம் அமைவதில் 787, ஆக வரவு 1,136. மிச்சம் 411. ஒரு மோல் சோடியம் குளோரைடு உருவாகும்போது வெளிவரும் வெப்பம் இதே 411 கிலோஜூல்தான். பார்ன்-ஹேபர் சுழற்சி என்ற பெயரில் மாணவர்கள் மேல்நிலை வகுப்பில் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். தாங்கள் போட்ட கணக்கு ஒன்பதாம் வகுப்பில் படித்த காரணத்தைக் கவிழ்த்துவிட்டது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரே தலைக்குள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே குடியிருக்கின்றன.

எட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதும் இதே கணக்கில் கிடைத்துவிடுகிறது. சோடியத்திலிருந்து இரண்டாவது எலக்ட்ரானையும் எடுக்கலாமே, ஏன் எடுப்பதில்லை? அதன் விலை 4,562 கிலோஜூல். அந்த எலக்ட்ரான் அணுக்கருவுக்கு நெருக்கமான உள்கூட்டில் இருக்கிறது. சோடியம் இரட்டை மின்சுமையோடு இரண்டு குளோரைடுகளைச் சேர்த்துப் படிகம் கட்டினாலும் கிடைக்கக்கூடியது சுமார் 2,500 கிலோஜூல். கட்டுப்படியாகாது. மெக்னீசியத்தில் முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதற்கு 1,451. இரண்டையும் எடுக்கலாம், படிகம் ஈடுகட்டிவிடும். மூன்றாவதற்கு 7,733. அங்கே நின்றுவிடும். ஆக, வினை எட்டில் வந்து நிற்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அது முடிவில் தெரியும் விளைவு. அதைத் தூக்கிக் காரணத்தின் இடத்தில் உட்கார வைத்ததுதான் நம் வகுப்பறை செய்த பிழை.

ஆக்சிஜனைப் பார்த்தால் இந்தப் பிழை இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஆக்சிஜனுக்கு வெளிக்கூட்டில் ஆறு, எட்டாக இன்னும் இரண்டு வேண்டும் என்கிறோம். முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிவருகிறது. அதற்குப் பிறகு அது எதிர்மின்சுமை கொண்ட அயனி. இரண்டாவது எலக்ட்ரானை அது தள்ளுகிறது. வலுக்கட்டாயமாகத் திணிக்க 700 கிலோஜூலுக்கும் மேல் செலவாகும். எண்ம விதியின்படி முழு நிறைவு பெற்ற ஆக்சைடு அயனி வாயு நிலையில் தனியாக நிற்காது, எலக்ட்ரானை உதறிவிடும். மெக்னீசியம் ஆக்சைடிலும் சுண்ணாம்பிலும் அது இருக்கிறதென்றால், சுற்றியிருக்கும் நேரயனிகளின் ஈர்ப்பு அதைத் தாங்கிப் பிடித்திருப்பதால்தான். மெக்னீசியம் ஆக்சைடின் படிகக்கூடு ஆற்றல் சுமார் 3,800 கிலோஜூல். உலைகளின் உட்சுவருக்கு அதைப் பயன்படுத்துகிறார்களே, 2,800 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதால்தானே, அந்த உறுதி எட்டிலிருந்து வந்ததல்ல.

இந்த விளக்கம் மாணவர் மனத்தில் என்ன செய்கிறது என்பதை இங்கிலாந்தின் வேதியியல் கல்வி ஆய்வாளர் கீத் டேபர் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். மேல்நிலை மாணவர்களிடம் சோடியம் அணு, சோடியம் அயனி, இவற்றோடு ஏழு எலக்ட்ரான்களைக் கூடுதலாக ஏற்று 2, 8, 8 என்று நிற்கும் ஒரு கற்பனைச் சோடியம் ஆகியவற்றின் படங்களைக் காட்டி எது நிலையானது என்று கேட்டார். ஏழு எதிர்மின்சுமை கொண்ட அந்த அபத்தமான அயனியைக்கூட, எட்டு இருக்கிறது என்பதற்காக நிலையானது என்று சொன்ன மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகப் படித்தவர்கள். நம்மூர்க் கல்லூரி முதலாண்டு வகுப்பில் "வாயு நிலையில் தனித்த சோடியம் அணு எலக்ட்ரானைத் தானாக விட்டுவிடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "விட்டுவிடும் சார், அப்போதுதான் நியான் அமைப்பு வரும்" என்று நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர்களே முதலில் சொல்வார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இதில் வழுக்கினார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். செனானை 1898இல் ராம்சேயும் டிராவர்சும் கண்டுபிடித்தார்கள். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருப்பதால் அது எதனோடும் சேராது என்ற நம்பிக்கை பிறகு பாடப்புத்தகங்களில் இறுகிப்போனது. லைனஸ் பாலிங் 1933இல் செனான் ஃபுளூரினோடு சேரக்கூடும் என்று கணித்தார். அதே ஆண்டு கலிபோர்னியாவில் யோஸ்ட்டும் கேயும் முயன்றார்கள், சேர்மம் கிடைக்கவில்லை. அதோடு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அந்தக் கதவு மூடியே கிடந்தது.

திறந்தவர் நீல் பார்ட்லெட். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற செந்நிற வாயு ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். அயனியாக்கும் ஆற்றல் அட்டவணையைப் பார்த்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் செனானுக்கும் அந்த ஆற்றல் ஏறத்தாழ சமம், 1,170 கிலோஜூலை ஒட்டியது. ஆக்சிஜனிடம் நடந்தது செனானிடமும் நடக்க வேண்டும் என்று கணித்தார். 1962 மார்ச் மாதம் இரண்டு வாயுக்களையும் கலந்தார். கண்ணெதிரே ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அதே ஆண்டுக்குள் செனான் ஃபுளூரைடுகளும் வந்துவிட்டன. இன்று செனானையும் ஃபுளூரினையும் கண்ணாடிக் குடுவையில் கலந்து சூரிய ஒளியில் வைத்தாலே செனான் டைஃபுளூரைடு படிகமாகிறது. இவ்வளவு எளிதாக நடக்கக்கூடிய வினை அத்தனை காலம் காத்துக் கிடந்ததற்குப் பெரிய காரணம், எட்டு நிறைந்தால் எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கை. பார்ட்லெட் எட்டை எண்ணவில்லை, ஆற்றலைக் கணக்கிட்டார். நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது அந்தப் பழக்கத்தை.

விதிவிலக்குகள் எல்லா விதிக்கும் உண்டு என்பார்கள். எத்தனை விதிவிலக்கு என்று பாருங்கள். போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு. சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடில் புள்ளி வைத்து எண்ணினால் பன்னிரண்டு. நைட்ரிக் ஆக்சைடில் மொத்தம் பதினோரு இணைதிறன் எலக்ட்ரான். ஒற்றைப்படை எண்ணை எப்படிப் பங்கிட்டாலும் இரண்டு அணுவுக்கும் எட்டு வராது. அந்த நைட்ரிக் ஆக்சைடு நம் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் தூது மூலக்கூறு, 1998ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அதற்காகவே வழங்கப்பட்டது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்பின் அயனிக்கு வெளிக்கூட்டில் பதினான்கு எலக்ட்ரான். மயில்துத்தத்தில் இருக்கும் தாமிர அயனிக்குப் பதினேழு. இடைநிலை உலோகங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு ஒரு வேதியியல் நடத்த முடியுமா?

ஆக்சிஜன் மூலக்கூறு தனியே பேசப்பட வேண்டியது, ஏனென்றால் அது விதிவிலக்குப் பட்டியலில் இல்லை. எண்ம விதிப்படி இரட்டைப் பிணைப்புப் போட்டு, நான்கு தனித்த இணைகளும் வைத்து, இரண்டு அணுவுக்கும் எட்டு எட்டாக அழகாக முடித்துவிடலாம். அந்தப் படத்தில் எல்லா எலக்ட்ரானும் இணையாக இருக்கும். ஆனால் வெளிர்நீல திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஊற்றினால் அது விழாமல் அங்கேயே ஒட்டி நிற்கிறது. இணைசேராத எலக்ட்ரான்கள் இரண்டு அதில் இருக்கின்றன. எட்டு சரியாக வந்த இடத்திலேயே படம் பொய்த்துப்போகிறது. 1929இல் லெனார்ட்-ஜோன்ஸ் மூலக்கூறு ஆர்பிட்டால் முறையில் இதை விளக்கினார். மாணவர் இன்று "ஆக்சிஜன் பாரா காந்தத்தன்மை உடையது" என்று நீட் தேர்வுக்காக ஒரு வரியாக உருப்போட்டுக்கொள்கிறார், தன்னுடைய எட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்.

இந்த விதியின் மூலவர் என்று சொல்லப்படும் கில்பர்ட் லூயிஸ்மீது இந்தப் பழியைப் போடக் கூடாது. 1916இல் அவர் எழுதிய கட்டுரையில் நடுநாயகமாக இருப்பது இரண்டு அணுக்கள் பகிரும் எலக்ட்ரான் இணை. 1923இல் வெளிவந்த தன் நூலில், எட்டு என்ற விதியைவிட இரண்டு என்ற விதியே அடிப்படையானது என்று அவரே கருத்துச் சொன்னார். எட்டை முன்னுக்குத் தள்ளிப் பரப்பியவர் 1919இல் எழுதிய இர்விங் லாங்முயர். இணையும்கூடக் கட்டாயமில்லை என்பதற்கு ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி இருக்கிறது. இரண்டு புரோட்டான், ஒரே ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான். அந்த ஒற்றை எலக்ட்ரானே இரண்டு அணுக்கருக்களையும் ஒரு மோலுக்குச் சுமார் 255 கிலோஜூல் வலுவோடு பிணைத்து வைக்கிறது. எதிர்மின்சுமை நடுவில் நிற்கிறது, இரு பக்கமும் நேர்மின்சுமைகள் அதை நோக்கி இழுபடுகின்றன. பிணைப்பு என்பதன் சாரம் அங்கே இருக்கிறது.

இந்தத் தவறு வேதிப்பிணைப்புப் பாடத்தோடு நிற்பதில்லை என்பதே என் பெரிய கவலை. அணு எட்டுக்காக ஏங்குகிறது என்று பழகிய மனம், ஆற்றலை எங்கோ பொருளுக்குள் அடைத்து வைத்த ஒன்றாகக் காணத் தொடங்குகிறது. பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்று நம்புகிறது. உயிரியல் வகுப்பில் ஏடிபியின் 'உயர் ஆற்றல் பிணைப்பு' உடைவதால் ஆற்றல் கிடைக்கிறது என்று படிக்கும்போது நம்பிக்கை உறுதிப்படுகிறது. எந்தப் பிணைப்பை உடைத்தாலும் ஆற்றல் செலவுதான், அதில் விலக்கே இல்லை. ஏடிபி நீரோடு வினைபுரியும்போது புதிதாக அமையும் பிணைப்புகளும், விளைபொருள்களைச் சூழும் நீரும் தரும் ஆற்றல் மிகுதியாக இருப்பதால்தான் மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் மிஞ்சுகிறது. மீத்தேன் எரிவதும் அப்படியே. அதன் பிணைப்புகளையும் ஆக்சிஜனின் பிணைப்புகளையும் உடைக்க ஏறத்தாழ 2,650 கிலோஜூல் போகிறது, கார்பன் டைஆக்சைடும் நீரும் அமையும்போது 3,450 வருகிறது, மிச்சமுள்ள 800 சமையல் செய்கிறது. இதைப் புரியாமல் மாணவர் மூன்று ஆண்டு வேதியியல் பட்டப்படிப்பையும் முடித்துவிட முடிகிறது.

"பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஆற்றல் கணக்கெல்லாம் புரியுமா? எட்டு என்றால் உடனே பிடித்துக்கொள்கிறான்" என்று ஆசிரியர் நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுடைய வேலைப்பளுவும் முடிக்க வேண்டிய பாடத்திட்டமும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் இந்த வாதத்தை ஏற்க மாட்டேன். எதிரெதிர் மின்சுமைகள் ஈர்க்கும், ஒத்த மின்சுமைகள் விலக்கும் என்பது அந்தப் பிள்ளை ஏற்கெனவே படித்தது. எலக்ட்ரானை அணுக்கரு இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதும் தெரியும். ஆகவே எலக்ட்ரானை எடுக்க ஆற்றல் செலவாகும், அயனிகள் நெருங்கிச் சேரும்போது ஆற்றல் வரும், வரவு செலவைவிட மிகுந்தால் சேர்மம் உருவாகும். இதில் எந்தச் சொல் பதினான்கு வயதுக்கு எட்டாதது? வீட்டு வரவு செலவு புரிகிற பிள்ளைக்கு 725ம் 1,136ம் புரியும். படிகக்கூடு ஆற்றலின் இலக்கணம் ஒன்பதாம் வகுப்பில் தேவையில்லை. நான்கைந்து எண்களை எழுதி, கூட்டச் சொன்னால் போதும்.

மேல்வகுப்பில் திருத்திக்கொள்ளலாம் என்பது இன்னொரு சமாதானம். திருத்துவதில்லை என்பதே நாம் காண்பது. முதலில் கேட்ட காரணம் ஆழமாக ஊன்றிவிடுகிறது, பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஒட்டும் 'விதிவிலக்கு' ஆகிவிடுகிறது. இரண்டு மதிப்பெண்ணுக்கு "எண்ம விதி வரையறு" என்று கேட்டு, புக் பேக் கேள்விகளிலும் அதையே நிரப்பி, நாமே ஆண்டுதோறும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

எட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகிய நான்கு தனிமங்களின் சேர்மங்களுக்குப் புள்ளி அமைப்பு வரைய அது நல்ல கருவி. கரிம வேதியியலில் தினமும் கைகொடுக்கும். வாய்பாடு எழுத உதவட்டும், எண்ணிச் சரிபார்க்க உதவட்டும். "ஏன்?" என்ற கேள்விக்கு மட்டும் அதைப் பதிலாகச் சொல்லாதீர்கள்.

ஆசிரியர்களிடம் கேட்பது இதைத்தான். அடுத்த முறை அந்த இரண்டு அணுப் படங்களையும் வரையும்போது அம்புக்குறியின் மேல் 496 என்று எழுதுங்கள், குளோரினின் பக்கத்தில் 349 என்று எழுதுங்கள். மீதி 147ஐ யார் தருவது என்று வகுப்பைக் கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாமல் சற்றுப் பொறுங்கள். மாணவர்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு: எந்த வினைக்கும் "எட்டு வருவதற்காக" என்று யாராவது காரணம் சொன்னால், ஆற்றல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று திருப்பிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.